கடல் பார்க்க ஒரு வேன்

பெரியாயி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நமுனுகுல மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், மகள் சுபாஜினியின் போனில் ஒருநாள் ஹும்மானயவைப் பார்த்துவிட்டாள். திக்வெல்லைப் பக்கம், கடலோரப் பாறையில் ஒரு துவாரம். அலை அடியில் புகுந்து முட்டினால் தண்ணீர் தென்னை உயரத்துக்குச் சீறி எழும்பும். "இதக் கண்ணால பாக்காம சாக மாட்டேன்" என்று அன்றே சொல்லிவிட்டாள்.

ஆசை தப்பில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் வேன் பிடித்தால் அது கதிர்காமத்து முருகன் கோயிலுக்குத்தான். சாமி கும்பிட்ட பிறகு வழியில் எங்கும் இறங்கக் கூடாது, நேரே வீட்டுக்கு வர வேண்டும். கும்பிடுவதற்கு முன்னால் ஊர் சுற்றினால் அதுவும் குற்றம். ஆக, கடலுக்குக் கிட்டே அவ்வளவு தூரம் போயும் வருஷா வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினோம். பெரியாயியின் புருஷன் பொன்னையாதான் அந்தப் பயணத்துக்குத் தலைவர். இந்த விஷயத்தில் மனுஷன் இம்மியும் இறங்க மாட்டார்.

இந்த ஆனியில் பெரியாயி தானே ஒரு வேன் பேசினாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சிலர் சேர்ந்தோம்.

"எந்தக் கோயிலுக்கு?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

"கோயிலுக்கு இல்லங்க. கடல் பாக்கப் போறோம்."

கல்யாணம் இல்லை, கருமாதி இல்லை, நேர்த்தி இல்லை. சும்மா பார்க்க ஒரு பயணமா? பொன்னையா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, துணைக்கு வருவதாகச் சொல்லி முன் சீட்டில் ஏறினார்.

போய்ச் சேர்ந்தால் கடல் தூங்குகிறது. துவாரத்தில் கொஞ்சம் நுரை மட்டும் கொப்பளித்தது. வெயிலில் காத்துக் காத்து எங்களுக்கு வெறுத்துப்போனது.

"சாமிய விட்டுட்டு வந்தோம்ல, அதான்" என்றார் பொன்னையா. பக்கத்து வீட்டு இராக்கம்மாவும் தலையாட்டிச் சொன்னாள், "வாங்க, இப்பவே கதிர்காமம் போயிரலாம்."

"போறவங்க போங்க. நான் பாத்துட்டுத்தான் வருவேன்."

பெரியாயி பாறை ஓரத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. அன்று தண்ணீர் எழும்பாவிட்டால், இனி எங்களில் ஒருத்தியும் கோயில் பேரைச் சொல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் காற்று பலத்தது. பாறைக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டது. அடுத்த நொடி வெள்ளைவெளேரென்று தண்ணீர் எழுந்து, உடைந்து, எங்கள் தலையில் கொட்டியது. நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினோம். பெரியாயி நகரவில்லை. உப்புத் தண்ணீர் வழிகிற முகத்தோடு சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்ற பொன்னையா, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து, கண்ணை மூடி, "அரோகரா" என்றார்.

பெரியாயி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"கும்பிடுறது அப்புறம். கண்ணத் தெறங்க, அடுத்தது வருது."