உம்மாவின் முகமும் பிட்ரேட்டும்

அக்காவின் கல்யாண டிவிடிகளைச் சுருக்கி, சவுதியில் இருக்கும் வாப்பாவுக்கு அனுப்பினேன். பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவை, நன்றாகக் குறைத்திருந்தேன். நிக்காஹ் மேடை தெளிவாகவே தெரிந்ததால், டிஸ்க்குகளைப் பழைய சாமான்களோடு கட்டி வைத்துவிட்டேன்.

வாப்பா அழைத்தார். "ஏம்மா, மாப்பிள்ளை நம்ம வாசல் ஏறுறப்ப உம்மா முகம் கட்டம் கட்டமாத் தெரியுதே?"

காலமாகிவிட்ட உம்மா, கேமராவைக் கண்டாலே ஒதுங்குவார். அவர் பதிவானது மாப்பிள்ளை வந்தபோது வாசலில் இருந்த நெரிசலில் மட்டும்தான். அசையாத மேடைக்குப் போதுமான பிட்ரேட், ஆட்கள் முண்டியடிக்கும் காட்சிக்குப் போதவில்லை.

நல்லவேளை, பழைய சாமான் வாங்குபவர் அதுவரை வரவில்லை. டிஸ்க்குகளைக் கட்டிலிருந்து எடுத்து, பிட்ரேட்டைக் கூட்டி மறுபடி சுருக்கி அனுப்பினேன்.

"தெரியுறா. சிரிக்கிறாம்மா," என்றார் வாப்பா.

இப்போதெல்லாம் சுருக்கித் தரச் சொல்லி யாருடைய டிஸ்க் வந்தாலும், "இதுல யாரைத் தேடிப் பார்ப்பீங்க?" என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லும் ஆள் வரும் காட்சியை முதலில் சுருக்கிப் பார்த்துத்தான் பிட்ரேட்டை முடிவு செய்கிறேன்.