பால்கோவாவுக்கு நேற்று கிடையாது

மூன்றாம் வகுப்புக்கு ஆங்கில வினைச்சொல் சொல்லிக்கொடுக்க வருகிறவர், பட்டத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தாலும் தொண்டைக்குப் பனங்கற்கண்டை மறக்கக் கூடாது. சோற்றுத் தட்டும் கையுமாக 'ஈட், ஏட், ஈட்டன்' என்று பிள்ளையோடு மல்லுக்கட்டும் அப்பா அம்மாமார்களே, உங்களுக்கு ஒரு பிள்ளை, எனக்கு ஒரு வகுப்பு நிறைய. என் பாட்டைக் கேட்டால் உங்கள் பாடு தேவலை என்று தோன்றும்.

யுகேஜி மிரட்டல்

நான் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். எங்கள் தாளாளர் பஞ்சு வியாபாரி. பெற்றோர் விழா வரப்போகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் மேடையேறி நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் மூன்றிலும் இங்கிலீஷ் பேச வேண்டுமாம். பேசாவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு யுகேஜி.

யுகேஜி டீச்சரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் அழுகிற பிள்ளை, கையில் வாந்தியெடுத்த பிள்ளையின் சட்டை. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. தவிரவும், கத்திக் கத்திப் பழகிய என் மூன்றாம் வகுப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், மேடை என்றால்தான் கூச்சப்படுவார்கள் என்று மெல்ல இழுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பஞ்சுன்னா ஒரு பிடி எடுத்துப் பாத்தே தரத்தச் சொல்லிருவேன். இங்கிலீச எங்கிட்டுப் பிடிச்சுப் பாக்க? வாயத் தொறந்தாத்தான தெரியும், டீச்சர்."

வாசலில் நின்ற மகாலட்சுமி

சொல்வதைச் செய்தும் காட்டினால் மனதில் நிற்கும் என்பது என் கொள்கை. 'ஐ ஆம் ஈட்டிங்' என்றால் வாயை அசைக்க வேண்டும். 'ஐ ஆம் கோயிங்' என்றால் எழுந்துபோய் வகுப்பு வாசலைத் தாண்ட வேண்டும். ஈட்டிங்கில் ஒரு குறையும் இல்லை; கேட்டால் இரண்டாம் தரமும் தின்றிருப்பார்கள். கோயிங்கில்தான் வம்பு. மேடையில் நிகழ்காலம் சொல்ல நான் பிடித்துவைத்திருந்த வன்னியம்பட்டி மகாலட்சுமி விறுவிறுவென்று நடந்தாள், நிலைப்படியில் நின்றாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே கதை.

விசாரித்தால், வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லக்கூடாதாம், 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் திரும்பி வருவதற்கு இடம் விடவில்லையே. அதெல்லாம் தமிழுக்குத்தான், இங்கிலீஷில் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: "சாமிக்கு இங்கிலீசும் தெரியும்ல, டீச்சர்."

எல்லாமே டுமாரோ

மம்சாபுரத்து ஜெனிபாவை எதிர்காலத்தில் கெட்டிக்காரி என்று நம்பியிருந்தேன். மாமா எப்போது வருவார் என்று இங்கிலீஷில் கேட்டு முடிப்பதற்குள் "டுமாரோ" என்பாள். பரீட்சை எப்போது? டுமாரோ. கிறிஸ்துமஸ் எப்போது? அதுவும் டுமாரோ. அப்போது ஆடி மாசம்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனேன். அவள் அம்மா தையல்காரர். விழாவுக்கென்று தைக்கக் கொடுத்த என் ஜாக்கெட்டையும் வாங்கி வந்துவிடலாம் என்ற எண்ணம் வேறு. வாசலில் ஸ்டூல் போட்டு ஜெனிபா உட்கார்ந்திருந்தாள். உள்ளே மிஷின் கடகடவென்று ஓடியது. துணி கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "நாளைக்கு" என்று சொல்லி அனுப்பினாள். மிஷின் நிற்காமல் ஓட வேண்டுமென்றால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? என் ஜாக்கெட் துணி, கொடுத்த மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்ததையும் துணியைப் பற்றிக் கேட்க நினைத்ததையும் சேர்த்துக் கொட்டினேன். அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "அவ சொல்லதுல என்ன தப்பு டீச்சர்? நாளைக்குக் கண்டிப்பாத் தந்திருதேன், நம்பிப் போயிட்டு வாங்க."

பாலமுருகனின் வாய்ப்பூட்டு

பாலமுருகனின் அப்பா கோயிலுக்குப் போகிற தெருவில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். அதனால் அவனுக்கென்றே பார்த்துப் பார்த்து ஒரு வாக்கியம் செய்தேன்: 'எஸ்டர்டே மை ஃபாதர் மேட் பால்கோவா.' நேற்று மழை பெய்ததைச் சொல்வான், நேற்று அம்மா அடித்ததைச் சொல்வான். நேற்றையும் பால்கோவாவையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வான். கெஞ்சினேன், அதட்டினேன், மிட்டாய் கொடுத்தேன். மிட்டாய் மட்டும் உள்ளே போயிற்று.

கூட்டிப்போக வந்த அவன் அப்பாவிடம் முறையிட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். கடையில் யார் எப்போது கேட்டாலும் "இப்பத்தான் இறக்குனது, தொட்டுப் பாருங்க, சூடு இருக்கும்" என்றுதான் சொல்ல வேண்டும். பயல் பேசப் பழகியதே அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "அல்வா, மிச்சர், எத வேணும்னாலும் நேத்துப் பண்ணதாச் சொல்லச் சொல்லுங்க டீச்சர். பால்கோவாவுக்கு மட்டும் நேத்து வேண்டாம்."

மேடையில் மூன்று காலம்

அவர் சொன்னதும் நியாயம்தான் என்று பாலமுருகனுக்கு மாம்பழம் தின்ற வாக்கியமாக மாற்றிக் கொடுத்தேன். விழா வந்தது. புதுப் புடவைக்குப் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். முன்வரிசையில் தாளாளர். முதலில் மகாலட்சுமி. "ஐ ஆம் கோயிங்" என்று சொல்லி நின்றாள். பிறகு "அண்ட் கமிங்" என்று முடித்தாள். தாய்மார்கள் எல்லாரும் அதுதானே முறை என்பதுபோல் தலையாட்டினார்கள். தாளாளர் அசையவில்லை.

அடுத்து பாலமுருகன். மைக்கைப் பிடித்ததும் எதிரே அப்பாவைப் பார்த்தான், மாம்பழம் மறந்துபோயிற்று. "எஸ்டர்டே மை ஃபாதர் மேட் பால்கோவா." இத்தனை நாள் கெஞ்சியும் வராத வாக்கியம், ஒரு பிழையில்லாமல், ஊரே உட்கார்ந்திருக்கும்போது வந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கடையில் வாங்குகிறவர்கள். அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பயலுக்குக் கண் நிறைந்துவிட்டது. யுகேஜி எனக்கு மறந்தே போயிற்று. அந்த வாக்கியத்தைச் செய்த என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஓடிப்போய் அவனைத் தூக்கிவரலாம் என்று ஓர் அடி எடுத்துவைத்தேன். அதற்குள் அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்: "எஸ்டர்டே பால்கோவா, எஸ்டர்டே ஃபினிஷ்டு. டுடே மை ஃபாதர் ஈஸ் மேக்கிங். டுமாரோ ஹி வில் மேக். ப்ளீஸ் கம்."

கைத்தட்டலில் பந்தல் அதிர்ந்தது. இன்றைக்குக் கிண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று காலத்தையும் அவனே முடித்துவிட்டதால் ஜெனிபாவுக்குக் கோபம். மைக்கைப் பிடுங்கி, "டுமாரோ மை மதர் வில் கிவ் டீச்சர் ஜாக்கெட்" என்றாள். மொத்தக் கூட்டமும் என் ஜாக்கெட்டைப் பார்த்தது. நான் திரைக்குள் ஒதுங்கினேன். தாளாளர் அங்கேயே தேடி வந்துவிட்டார்: "பய இங்கிலீஷ்ல யாவாரமே பண்ணிட்டான், இனி என்ன தரம் பாக்க? நீங்க மூணாங்கிளாஸ்லயே இருந்துக்கிடுங்க, டீச்சர்."

ஆகவே மகாஜனங்களே, மூன்றாம் வகுப்பில் நான் இருந்தேன், இருக்கிறேன், இருப்பேன். என் ஜாக்கெட் மட்டும்தான் இன்னும் எதிர்காலத்தைத் தாண்டி வரவில்லை.