தராசுக் கடையிலிருந்து ஒரு வேட்புமனு

1. மீட்டர் சரியாகத்தான் இருந்தது

குறுவை அறுவடை நேரம். விடாத மழை. திருவையாற்றுக்குப் பக்கத்திலிருந்த நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து போன் வந்தது. தகராறு, உடனே வர வேண்டும் என்றார்கள்.

நான் எலக்ட்ரானிக் தராசும் ஈரப்பத மீட்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ, அரசு கொடுத்த பழுதுபார்ப்போர் உரிமம், முத்திரை குத்திய எடைக்கற்கள், ஜபருல்லா என்ற டெக்னீஷியன். கடையின் சொத்துப் பட்டியல் இவ்வளவுதான்.

பட்டியலில் வராத ஒன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் எடையிலோ ஈரத்திலோ சண்டை வந்தால் இரண்டு தரப்பும் சேர்ந்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் கல்லை வைத்துப் பார்த்துச் சொன்னால் பேச்சு முடிந்தது. விற்பவருக்கும் நான் ஆள் இல்லை, வாங்குபவருக்கும் ஆள் இல்லை. கடை ஓடியது அதனால்தான்.

அன்று தகராறு செய்தவர் செல்வராசு. குத்தகைக்குப் பயிர் செய்பவர். அவருடைய நெல் படுதாவுக்கு அடியில் குவியலாகக் கிடந்தது. நிலையத்து மீட்டர் ஈரப்பதம் இருபத்தொரு சதவீதம் என்று காட்டியது. பதினேழுக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள்.

“மீட்டர்ல கோளாறு மேடம். நேத்து பதினெட்டு காட்டுச்சு” என்றார் செல்வராசு.

“நேத்து மழை நின்னிருந்துச்சு” என்றார் பில் போடும் கிளார்க்.

குவியலின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் நெல் எடுத்தேன். என்னுடைய மீட்டரிலும் அவர்களுடைய மீட்டரிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டும் ஒன்றையே சொன்னன.

“மீட்டர் சரியாத்தாங்க இருக்கு” என்றேன்.

செல்வராசு என்னோடு சண்டை போடவில்லை. காலிச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். “சரி. இந்தப் பதினேழ எவன் வச்சது?”

“டெல்லில வைக்கிறாங்க” என்றார் கிளார்க். “தளர்வு வேணும்னா அங்கேருந்து குழு வந்து பாக்கணும். அப்புறம் ஆர்டர் வரணும்.”

“அதுக்குள்ள நெல்லு முளைச்சுரும்.”

“முளைச்சுரும்தான். நான் என்ன பண்ணட்டும்?”

செல்வராசு என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சவங்க. எத்தன மீட்டர் பாத்திருக்கீங்க. நீங்களே டெல்லிக்குப் போயி சொல்லுங்களேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டர் சரியா என்று பார்ப்பது என் வேலை. பதினேழு சரியா என்று பார்ப்பது அங்கே இருந்த யாருடைய வேலையும் இல்லை. படுதாவின் ஓரத்தில் நெல் அப்போதே முளை விட ஆரம்பித்திருந்தது.

2. பத்துக் கையெழுத்து

நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் விதிகளைப் படித்தேன். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் யாரும் வேண்டாம், என் வேலையை நேரில் பார்த்தவர்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். முதல் கையெழுத்து செல்வராசுவுடையது. நான் கேட்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நெல்காரர்கள் சிலர் அவருக்குப் பின்னால் வந்தார்கள். அதிராம்பட்டினத்து மீன் ஏலக் களத்தில் நான் தராசு பார்த்துக் கொடுத்த இரண்டு பேரை ஜபருல்லா அழைத்து வந்தார். அது அவருடைய ஊர்.

ஜபருல்லா வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். “மேடம், அங்க நான் ஒட்டகத்தையே எடை பாத்திருக்கேன். அதுகூட தட்டுல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கும்” என்றார்.

“நீங்க கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?”

“சம்பளம் குடுக்கறவங்க கேட்டா போடாம இருப்பனா?” என்றார். போட்டார்.

என் அப்பா நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தவர். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். கை கழுவிய பிறகு, “நெலம் இல்லாத வூட்டுப் புள்ள நெல்லுக்குப் பேசுனா எவன் கேப்பான்?” என்றார். அதைத் தடையாகச் சொல்லவில்லை, கேள்வியாகவே கேட்டார்.

3. ஸ்டேப்லர்

சின்னம் ஒதுக்கியபோது நான் கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. ஸ்டேப்லர் கிடைத்தது. நோட்டீஸ் அடித்து எடுத்துக்கொண்டு வயல்வேலை நடக்கும் இடங்களுக்குப் போனோம்.

“இது என்னம்மா, முதலையா?” என்றார் உளுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா.

“பேப்பர் குத்துற மிஷினுங்க.”

“எங்க வூட்டுல பேப்பரே இல்லையே” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து அடங்கப் பொழுதாயிற்று. பிறகு அதே அம்மா பதினேழைப் பற்றி விவரமாகக் கேட்டார். அவர் வீட்டு நெல்லும் அந்த மழையில் திரும்பி வந்ததுதான். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நல்லாத்தான் பேசுற. ஆனா ஜெயிக்கப் போறவனுக்குப் போட்டாத்தான் நாளைக்கி ஒண்ணு கேக்க முடியும். உனக்குப் போட்டுட்டு யார்கிட்டப் போயி நிக்கிறது?”

பிரசாரம் முழுவதிலும் நேர்மையான பேச்சு என்று நான் குறித்துக்கொண்டது இதை மட்டும்தான்.

4. யார் நிறுத்துனது?

மற்ற எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. டீக்கடையில், அரிசி மில்லில், ஏலக் களத்தில்.

“உங்கள யாரு நிறுத்துனது?”

“யாரும் நிறுத்தல. நானாத்தான் நிக்கிறேன்.”

“அது சரி. வெளிய அப்படித்தான் சொல்லணும்.”

என் காதுக்கு வந்தவை மூன்று. ஓட்டைப் பிரிக்க ஒரு பெரிய கட்சி நிறுத்தியிருக்கிறது. இல்லை, அதன் எதிர்க் கட்சி நிறுத்தியிருக்கிறது. இல்லை, கொள்முதல் நிலையத்துக்காரர்கள் மீட்டர்மேல் பழி வராமலிருக்க நிறுத்தியிருக்கிறார்கள்.

“நாலாவது ஒண்ணு இருக்கு மேடம்” என்றார் ஜபருல்லா. “பேட்டரிக் கடைக்காரன் நிறுத்தியிருக்கான். மீட்டருக்கு பேட்டரி ஓடணும்ல.”

அன்று நானும் சிரித்தேன். மறுநாள் ஒரு மில் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கடை தொடங்கிய நாளிலிருந்து அவருடைய தராசுகளை நான்தான் பார்த்துவந்தேன். நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்க. எலக்சன் முடியிற வரைக்கும் வேற ஆள வச்சுக்கறேன். நீங்க வந்து என் தராசத் தொட்டா, நான்தான் உங்களுக்குச் செலவு பண்றேம்பாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் வேணும்.”

“எனக்கும் ரெண்டு பக்கமும் வேணுங்க. அதனாலதான் தனியா நிக்கிறேன்.”

“தனியான்னு ஒரு பக்கம் இருக்குன்னு இந்த ஊர்ல யாரும்மா நம்புவா?”

தேர்தல் முடிந்தது. அவர் திரும்பக் கூப்பிடவில்லை. மற்ற மில்காரர்களும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

5. எண்ணிக்கை

நோட்டாவுக்குக் கீழே வந்தேன். டெபாசிட் போனது. வென்றவர், தோற்றவர் யாரும் பதினேழைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. இந்த அத்தியாயத்தில் எழுத வேறு எதுவும் இல்லை.

6. கல்

அடுத்த குறுவையிலும் மழை வந்தது. செல்வராசுவின் நெல்லைக் கொள்முதல் நிலையம் மறுபடியும் திருப்பியது. நெல் முளைக்கும்முன் விற்றுத் தள்ளிவிட வேண்டும் என்று அவர் ஒரு தனியார் வியாபாரியிடம் விலை பேசிக் கொண்டுபோயிருந்தார். அங்கே தராசில் சந்தேகம். மூட்டைக்கு மூட்டை எடை குறைவாகக் காட்டுகிறது என்று எனக்குப் போன் செய்தார். கருவிப் பையை எடுத்துக்கொண்டேன்.

“வண்டி எடுத்துட்டேன். கல்லோட வர்றேன்” என்றேன்.

போனில் மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“இல்ல மேடம். நீங்க வர வேணாம்.”

“ஏன்?”

“நான் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டவன். வியாபாரிக்கு அது தெரியும். நீங்க வந்து தராசு தப்புன்னு சொன்னா, ‘உன் ஆளு உனக்குத்தான் சொல்லும்’பான். கல்ல மட்டும் குடுத்தனுப்புங்க. நாங்களே வச்சுப் பாத்துக்கறோம்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தொகுதியில் என்னை முழுக்க நம்பியவர்கள் அந்தப் பத்துப் பேர். இனி ஒரு சண்டையில் எவருக்காக நான் போய் நின்று பேச முடியாதோ அவர்களும் அதே பத்துப் பேர்தான்.

எடைக்கல்லை உரிமம் இல்லாதவரிடம் தனியாக அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. ஆனாலும் ஜபருல்லாவிடம் கொடுத்தனுப்பினேன். மூடி போட்ட மரப்பெட்டி, உள்ளே இருபது கிலோ இரும்பு, அதன்மேல் அரசு முத்திரை. தராசைத் தொட வேண்டாம், பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.

ஜபருல்லா சீக்கிரமே திரும்பினார். பெட்டி மழையில் நனைந்திருந்தது.

“வச்சுப் பாத்தீங்களா?”

“வைக்க விடல மேடம். ‘இது அந்தக் கட்சிக்காரம்மா கல்லு’ங்கறான்.”

“எந்தக் கட்சியாம்?”

“அத அவன் சொல்லல.”

“செல்வராசு என்ன செஞ்சாரு?”

“அவன் காட்டுன எடைக்கே போட்டுட்டாரு. ஈரத்துல நெல்லு சூடேறிருச்சு, இனிமே திருப்பி எங்க கொண்டுபோறதுன்னாரு. உங்ககிட்ட கோவிச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு.”

கல்லை வெளியே எடுத்துத் துடைத்தேன். லேசாக எண்ணெய் தடவினேன். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் எடை மாறும். கடையிலிருந்த தராசில் வைத்துப் பார்த்தேன். இருபது கிலோ சரியாக இருந்தது. ஜபருல்லா தராசை அணைத்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள், நின்றது தவறா என்று என்னிடம் கேட்கிறார்கள். நிற்காமல் இருந்திருந்தாலும் பதினேழு பதினேழாகவேதான் இருந்திருக்கும், நெல் முளைத்திருக்கும். ஆனால் செல்வராசுவின் மூட்டைகளுக்காவது சரியான எடை கிடைத்திருக்கும்.

தொழில் பாடமாக ஒன்று சொல்லலாம். நிற்பதென்றால், மனு கொடுக்கும் முன்பே கடையையும் கல்லையும் இரண்டு தரப்பும் ஏற்கும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். தோற்றுத் திரும்பியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். அப்போது அந்தக் கல் உங்கள் கையில் செல்லாது.

நான் ஒப்படைக்கவில்லை. பெட்டி கடையில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் கொண்டுபோய் முத்திரை புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.