தைத்து மூடிய பொக்கெற்றுகள்

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. நாலு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தும் எங்களில் ஒருத்தியாவது அதைச் சொல்லிப் பழகவில்லை. சீனத்தி என்போம். அவளை வைத்துக்கொண்டே சொல்லுவோம். தமிழ் விளங்காதுதானே என்ற துணிவு.

கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பட்டணம் ஒன்றில், செயின்ட்-மிஷேல் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் தையல் பக்டரி. சிறுபிள்ளைகளின் பனிக்கால ஜக்கெற் தைக்கிற இடம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச வருடங்கள் ஆகியிருந்தன. நான் அங்கே பதினொரு வருடத்துப் பழசு. மற்றவர்கள் மெசினில் தைத்து முடித்ததை வாங்கி, நூல் வெட்டி, அயர்ன் பண்ணி, பெட்டியில் அடுக்குவது என் வேலை. பக்கத்து மேசையில் மட்டக்களப்பு அக்கா ஒருவர் எனக்குத் துணை. மெசினில் இருந்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள்தான்.

சீனத்தி வந்த முதல் கிழமையே அவளை எங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் விடுவார்கள். நாங்கள் சோத்துப் பெட்டியைத் திறந்து, குழம்பு மாற்றி, ஊர்க்கதை கதைத்து முடிக்க அதுவே காணாது. அவள் பத்து நிமிடத்தில் நூடில்ஸை உறிஞ்சிவிட்டு மெசினில் போய்க் குந்திவிடுவாள். தைக்கிற எண்ணிக்கைக்குத்தான் எங்களுக்குக் கூலி. அவள் கை போகிற வேகத்தைப் பார்த்த முதலாளி, அப்படியென்றால் எல்லோராலும் முடியும்தானே என்று ஒரு ஜக்கெற்றுக்குக் கொடுக்கிற கூலியைக் குறைத்துவிட்டார்.

"நாசமாப் போவாள், எங்கடை வயித்திலை அடிக்கவெண்டே வந்து சேர்ந்தவள்" என்று நான் உரத்துச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னேரத்தில் இருவருக்கும் ஒரே பஸ். பனிக்குள் அருகருகே நின்றால் எதையாவது கதைக்கத்தானே வேண்டும். எங்களுக்குள் உடைந்த இங்கிலீஷ்தான். அவள் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

சீனாவின் வடகிழக்கில் ஒரு அரசாங்கப் பஞ்சாலை. அவளும் தங்கச்சியும் அதற்குள்ளேயே வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளிக்கிற இடம் எல்லாம் ஆலைக்குச் சொந்தம். சாகும்வரை அங்கேதான் என்று நினைத்திருந்தார்கள். ஒருநாள் காலை ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். அக்கா, தங்கை இரண்டு பேருடைய பெயரும் வந்தது. "வேலையை விட்டு நிப்பாட்டுறம் எண்டு சொல்லேல்லை. கீழை இறக்கிறம் எண்டுதான் சொன்னவங்கள்" என்றாள். தங்கச்சி தெற்கே கடலோரப் பட்டணம் ஒன்றில் தனியார் தையல் பக்டரிக்குப் போனாள். இவள் எஞ்சினியரான புருசனோடு கனடாவுக்கு வந்தாள். எஞ்சினியருக்கு இங்கே சாப்பாட்டுக்கடையில் கோழி வெட்டுகிற வேலைதான் கிடைத்தது. இப்போது காசெல்லாம் சீனாவில்தான் இருக்கிறது என்று சொல்லி இரண்டே வருடத்தில் திரும்பிப் போனவர், போன் எடுப்பதையும் பிறகு விட்டுவிட்டார்.

பெண்பிள்ளை ஒன்று இங்கே பிறந்திருந்தது. ஆறு மாதத்தில், ஊருக்குப் போகிற யாரோ ஒரு தெரிந்த பெண்ணின் மடியில் வைத்து விமானத்தில் அனுப்பிவிட்டாள். தங்கச்சிதான் வளர்க்கிறாள். அவளுடைய ஆட்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். பகலில் பக்டரி, பின்னேரம் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவல், பிள்ளையை எங்கே வைப்பது? ஆனால் எங்களுக்கு அது வாய்க்கு அவல்.

"பெத்த பிள்ளையைப் பார்சல் கட்டி அனுப்பினவள்" என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பிள்ளைகள் இரண்டும் அப்போது கார்தெரியில், பகலில் பிள்ளை பார்க்கிற இடத்தில், இருந்தன. அந்தத் திமிர் எனக்கு.

அவளுக்கு ஒரே ஒரு பயம். "அஞ்சு வயசுக்கு முதல் கூட்டி வரவேணும். இப்பவே தங்கச்சியைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறாள். அதுக்குப் பிறகு வந்தால் நான் அவளுக்கு ஆரோ ஒருத்தி" என்றாள். பிள்ளைக்கு அப்போது நாலு வயது ஆகப்போகிறது.

அந்த வருடம்தான் முதலாளி சீனாவிலேயே தைப்பிக்க யோசித்தார். அவளைக் கூப்பிட்டு, அங்கே யாரையும் தெரியுமா என்று கேட்டார். தங்கச்சியின் பக்டரியைச் சொன்னாள். முகமெல்லாம் பூரிப்பு. ஒரு பெடியன் கமெராவோடு வந்து அவள் காலர் வைக்கிற விதத்தை, சிப் பூட்டுகிற விதத்தைப் படம்பிடித்தான். அவளும் ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதிக் கொடுத்தாள். எங்கள் எல்லோருடைய சோற்றிலும் மண் போடுகிறாள், தன் சோற்றிலும்தான் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. ஏனென்றால் முதலாளி அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சாமான் வரத் தொடங்கினால் அவர்களோடு கதைக்க ஆள் வேண்டும், நீதான் சுப்பவைசர், எட்டிலிருந்து நாலு வரைக்கும் வேலை, நிரந்தரம் என்று. பின்னேரப் பாத்திரத்தை விட்டுவிடலாம். பிள்ளையைக் கூப்பிடலாம். மறுநாளே ஒரு சோடி சிவப்புப் பனிச்சப்பாத்து வாங்கிவந்து மெசினில் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்தச் சுப்பவைசர் வேலைக்குத்தான் நான் மூன்று வருடமாகக் காத்திருந்தேன். பழைய சுப்பவைசர் பென்சனில் போனபோது, பேந்து பார்ப்போம் என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். பதினொரு வருடம் அந்தத் தூசைச் சுவாசித்தவள் நான். நேற்று வந்தவள் என் தலைக்கு மேலாலே ஏறிப் போகிறாள். எனக்குப் பத்தி எரிந்தது.

சீனாவுக்கு அனுப்ப ஐந்து ஜக்கெற் மாதிரிக்குத் தைத்தாள். அழகென்றால் அப்படி ஒரு அழகு, அதை நான் மறைக்கவில்லை. அயர்ன் பண்ணும்போது பொக்கெற்றின் வாய் பிளந்து உருக்குலைந்துவிடும் என்று, பொக்கெற்றுகளின் வாயை மெசினாலேயே ஒரு ஓட்டம் ஓட்டி மூடியிருந்தாள். அது வழமைதான். அயர்ன் பண்ணிய பிறகு அந்தத் தையலைப் பிரித்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்போம். வெள்ளை நூலால் போட்டிருந்தால் பார்த்தவுடனே தெரியும். வெள்ளை நூல் முடிந்துபோய், ஜக்கெற்றின் நீல நூலாலேயே போட்டுவிட்டாள்.

ஐந்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். பொக்கெற்றைத் தொட்டுக் காட்டி, "பெட்டிக்கு முதல் இதைத் திற" என்றாள். விரலால் நூலைக் கிழிப்பதுபோலவும் செய்து காட்டினாள். நான் ஓகே ஓகே என்றேன்.

மறந்துபோய்விட்டேன் என்று பிறகு என் மனுசனுக்குச் சொன்னேன். பச்சைப் பொய். நூல் வெட்டுகிற கத்தரி என் கையில்தான் இருந்தது. ஒரு பொக்கெற்றின் வாயில் அதை வைத்தும் பார்த்தேன். பிறகு எடுத்துவிட்டு, ஐந்தையும் மடித்து, பெட்டியில் போட்டு ஒட்டினேன். அங்கேயிருந்து யாராவது போன் எடுத்துக் கேட்பார்கள், முதலாளி அவளுக்கு நாலு ஏச்சு ஏசுவார், கொஞ்சம் அடங்குவாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சியின் பக்டரியில் மாதிரியில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டமாம். கேள்வி கேட்கிறவளுக்கு அடுத்த நாள் கதிரை இருக்காதாம்.

இலையுதிர் காலத்தில் கொன்டெய்னர் வந்தது. பெட்டிகள் மூன்றாம் மாடியை அடைத்துவிட்டன. சீனத்தி அன்றைக்குப் புதுச் சட்டை போட்டு வந்திருந்தாள். முதல் பெட்டியை அவள்தான் வெட்டித் திறந்தாள். தையல் ஒவ்வொன்றும் அவளுடைய கையேதான். மட்டக்களப்பு அக்கா ஒன்றை எடுத்துப் பொக்கெற்றுக்குள் கையை விடப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, கை போகுதில்லையே!"

அடுத்ததை எடுத்தார். அதற்கும் அடுத்ததை. அடுத்த பெட்டியை உடைத்தோம். எல்லாம் மூடித்தான் இருந்தது, நீல நூலால், ஒரே நேர்கோட்டில். எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளி வந்ததும் சிரிப்பு நின்றது.

அவள் என்னைக் காட்டினாள். "அவளுக்குச் சொன்னனான். திறக்கச் சொன்னனான்" என்று இரண்டு தரம் சொன்னாள். அவளுடைய இங்கிலீஷ் பயத்தில் இன்னும் குழறியது. முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் பிரெஞ்சில் சொன்னேன்: "எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை." என் பிரெஞ்சு திறமான பிரெஞ்சு. அவளுக்கு அதில் ஒரு சொல்லும் வராது. நான் என்ன சொல்கிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், உதவிதான் செய்கிறேன் என்று நம்பினாளோ என்னவோ.

மத்தியானத்துக்குள் அவளை நிற்பாட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு ரிக்கெற் போட்டாயிற்று, வருகிறாள், வருகிறாள் என்று முதலாளிக்குப் பின்னாலேயே கந்தோர்க் கதவுவரைக்கும் போனாள். அவர் கதவைச் சாத்தினார். தன் நூடில்ஸ் கோப்பையையும் கதிரைக் குசனையும் எடுத்துக்கொண்டு, சிவப்புச் சப்பாத்தை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நூல் வெட்டிக் கொடுப்பதற்கு எங்களில் ஒருத்தியும் எழும்பவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டு போனாள்.

கூத்தைக் கேளுங்கள், அந்தப் பிழைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அத்தனை பொக்கெற்றையும் பிரித்துத் திறக்க மூன்று மாதம் பிடித்தது. சீனத்தி புண்ணியத்தில் இந்தக் கிறிஸ்மசும் கழிந்தது என்று எங்கள் ஆட்கள் பகிடி விட்டார்கள். என்னைச் சுப்பவைசர் ஆக்கினார்கள். மேசைக்கு மேசை நடந்து, கெதியா, கெதியா என்று சொல்லுகிற வேலை. அடுத்த கொன்டெய்னர் பிழையில்லாமல் வந்தது. வசந்தத்தில் பக்டரியை இழுத்து மூடினார்கள். ஆறு மாதமும் நிறையாத அந்தச் சுப்பவைசர் வேலைக்குத்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

மூன்று வருடம் போயிற்று. நான் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, பால் வாங்க முன்பின் போகாத ஒரு தெப்பனரில், மூலைக்கடை ஒன்றில், நுழைந்தேன். காசு வாங்குகிற இடத்தில் அவள் நின்றாள். மெலிந்து, முன்தலை நரைத்திருந்தாள். கடை தன்னுடையதில்லை, ஆளாகத்தான் நிற்கிறேன் என்றாள். பிரெஞ்சில் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பிரெஞ்சு படிச்சிட்டியா?" என்றேன்.

"ஓம், படிச்சன்" என்றாள். பிறகு நான் அன்றைக்கு முதலாளிக்குச் சொன்ன வசனத்தை அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னாள். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் உச்சரிப்பு, என் இழுப்பு எல்லாம் அதில் இருந்தது. அர்த்தம் தெரியாத சத்தத்தை இத்தனை காலம் காதுக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

"நீ சொன்னது எனக்குக் கேட்டது. வேணுமெண்டுதான் திறக்கேல்லை" என்றேன். என் வாயிலிருந்து அது வரும் என்று நானே நினைக்கவில்லை.

"தெரியும்" என்றாள். பால் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். ஏசியிருந்தால், துப்பியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்பதைக் கண்டேன். ஏழு வயது இருக்கும். போன மாதம்தான் வந்தவளாம். எங்கள் நீல ஜக்கெற்றைப் போட்டிருந்தாள். அங்கே பக்டரியில் கழித்துவிட்டதில் ஒன்றைத் தங்கச்சி எடுத்து வைத்திருக்க வேண்டும். கை குட்டையாகி, மணிக்கட்டு வெளியே தெரிந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் குளிர் அடிக்க, இரண்டு கையையும் பொக்கெற்றின் மேலே வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளே விட வழியில்லை. இரண்டு பக்கமும் அந்த நேர்கோட்டுத் தையல் அப்படியே இருந்தது.

எனக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் போலிருந்தது. கைப்பையைக் கிண்டி நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்தேன். "ரெண்டு நிமிசம், நான் பிரிச்சு விடுறன். பிள்ளைக்குக் குளிருது" என்று குனிந்து பொக்கெற்றைப் பிடித்தேன். பிள்ளை வீரிட்டுக் கத்தினாள். என் கையில் ஓங்கி அடித்துவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் ஓடிப்போய், பொக்கெற் இரண்டையும் பொத்திக்கொண்டு குந்தினாள். அவளைத் தேற்றத் தாய் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிள்ளை இன்னும் பின்னால் ஒதுங்கியது. தாய் அப்படியே நின்றுவிட்டாள்.

"கத்தரியை உள்ள வை" என்றாள் என்னிடம். "அதை ஒருத்தரும் தொட விடமாட்டாள். அது அவளின்ரை அம்மா தைச்சது."