மயில் கழுத்துக் கலரும் ரெண்டு கார்டும்

நேத்து ஒரு பழைய சிபியூவப் பிரிச்சேன்பா. மூடியக் கழட்டுனதும் தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்து குப்புனு ஒரு வாசன. ஃபேன்ல பட்டு நூலு சுத்திக்கினு இருந்துச்சு. மத்த ஊர்ல சிபியூ உள்ள கரப்பான் இருக்கும், எங்க காஞ்சிபுரத்துல பட்டு இருக்கும். நாங்க அவ்ளோ ரிச்சு.

அந்த வாசனையில டில்லி வீடு ஞாபகம் வந்துருச்சு. டில்லி என் ஃப்ரெண்டு, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிறவன். நான் பத்தாவதுல தடுக்கி விழுந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில எழுந்தவன். அப்போல்லாம் எடிட்டிங்குக்கு அவன் டேப்பத் தூக்கிக்கினு மெட்ராசுக்கு அலைவான். "வீட்லயே பண்ணலாம்டா, நான் செட் பண்ணித் தரேன்"னு வாய விட்டது நான்தான். மொத வேலையே அவன் அக்கா கலா கல்யாண டேப்பு.

முகூர்த்தப் புடவைய கலாக்கா தானே தறியில ஒக்காந்து நெய்ஞ்சது. மயில் கழுத்துக் கலரு. நீள நூலு நீலம், குறுக்கு நூலு பச்ச. நேரா பாத்தா நீலம், அசைஞ்சா பச்ச அடிக்கும். கல்யாணம் முடிஞ்சதும் அத அம்மனுக்கு சாத்தறதா வேண்டுதல், சாத்தியாச்சு. கையில மிச்சம் ரவிக்கத் துணி மட்டும்தான்.

கடையில கெடந்த ஒரு டிவி டியூனர் கார்ட மாட்டி, கேமரா ஒயர அதுல சொருகி, டேப்ப கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். கலாக்கா வந்து பாத்துச்சு.

"யாருடா இது?"

"நீதான்க்கா."

"ஸ்கூல் யூனிபாரம் போட்டுக்கினு நான் ஏன்டா மணவறையில ஒக்காந்திருக்கேன்?"

மொத்தமும் ஒரே நீலம். டில்லி சிரிச்சான், அக்கா சிரிக்கல. "பெங்களூர்ல மாமியார் வீட்ல தறின்னா என்னான்னே தெரியாது. கல்யாண அவசரத்துல யாரும் புடவைய சரியா பாக்கல, நான் என்னா நெய்வேன்னு முழுசா காட்ட இது ஒண்ணுதான் இருக்குது. ஞாயித்துக்கிழம கிளம்பறேன். சரியா வரலன்னா சிடியே வேணாம்."

மறுநாள் கேமராவையும் ரவிக்கத் துணியையும் எடுத்துக்கினு மெட்ராசுல கம்ப்யூட்டர் சாமான் விக்கற ரிச்சி தெருவுக்குப் போனோம். எங்க ஊர்ல வளையல் வாங்கப் போனாக்கூட துணியோடதான் போவோம். கம்ப்யூட்டர் கார்டுக்கு மட்டும் என்ன தனி சட்டம்?

"தம்பி, ஜவுளிக்கட இந்தத் தெருவுல இல்ல"ன்னாரு கடக்காரர்.

"கலர் பாக்கணும்ணா"ன்னு நான் துணிய ஆட்ட, டில்லி கேமராவுல புடிச்சான். மொத கார்டுல அதே யூனிபாரம். ஆனா அதுக்கு ரிமோட் குடுத்தாங்க. "படுத்துக்கினே சேனல் மாத்தலாம்டா"ன்னு டில்லி அத விடவே மாட்டேங்கறான். இன்னொன்னுல ரிமோட் இல்ல, உருண்டையா ஒரு ஓட்ட கூடுதலா இருந்துச்சு. கேமராவுலயும் அதே ஓட்ட. அது என்னாத்துக்குன்னு இத்தினி நாளா டில்லிக்கே தெரியாது. "வெளிச்சம் தனியா, கலர் தனியா போவும்"னு கடக்காரர் அந்த ஒயர மாட்டுனாரு. துணிய ஆட்டுனேன். பச்ச எட்டிப் பாத்துச்சு!

அதையே வாங்கிட்டோம், அடுத்தது படத்த திரைக்கு அனுப்பற கிராபிக்ஸ் கார்டு. பெரிய ஃபேன் வச்சது ஒண்ணு என்னையே பாத்துக்கினு இருந்துச்சு. அதுல கார் ரேஸ் கேம் பறக்கும்.

"எடிட்டிங்குக்கா, உனுக்கா?"ன்னான் டில்லி.

எனக்கும் மானம் இருக்குது, அத எடுத்த எடத்துலயே வச்சேன். கடசியில ஃபேனே இல்லாத, டிவிக்கு ஒயர் போற கார்டத்தான் வாங்குனோம். அக்கா மாமியார் பாக்கப்போறது டிவியில. மானிட்டர்ல ஒரு கலரு, டிவியில ஒரு கலரு வந்தா யாரு ஒத வாங்கறது?

சனிக்கிழம சாயந்திரம் டிவில போட்டோம். தெருவே கூடிடுச்சு. அக்னிய சுத்தி வரும்போது கலாக்கா லைட்டு பக்கம் திரும்புச்சு. நீலத்துக்குள்ளருந்து பச்ச அப்படியே வழிஞ்சி ஓடுச்சு. அக்கா டிவி கிட்ட போயி குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம், "ஓரத்துல சாம்பார் வாளியவே பாத்துக்கினு நிக்கிறது யாரு?"

"நான்தான்க்கா."

"அத மட்டும் வெட்டிடு."

அந்த சிடியப் பாத்துட்டு மாமியார் எனக்கொண்ணு நெய்யறியாம்மான்னு கேட்டாங்களாம். இன்னிக்கு பெங்களூர்ல அக்கா வீட்டு மாடியில ரெண்டு தறி ஓடுது.

டேப்பு போச்சு, டியூனர் கார்டு போச்சு, சிடி போடற பொட்டியும் போச்சு. போவட்டும், இப்போ போன்லயே எல்லாக் கலரும் வருது. ஒரே டிவி முன்னாடி தெருவே நெருக்கி ஒக்காந்து, "தோ, என் தல தெரியுது பாரு"ன்னு கத்தி, மறைக்கறவன்கூட சண்ட போடறதும் போச்சே, அதுதான்பா. இப்போ போன்ல வீடியோ அனுப்புனா ஆளுக்கொரு கட்டவிரல் பொம்ம அனுப்பறாங்க. கட்டவிரல் கூட நான் எப்படிப்பா சண்ட போடறது?