ரேடியோ வாசித்த புத்தகம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சும்மா வைக்கவில்லை. வண்டி வண்டியாகப் போர்வை மடித்து முடிக்கும்வரை வாய் ஓயாது. படிப்புப் பேச்சு வந்தால் மட்டும் கப்சிப். தங்கைகளைக் கரையேற்றவென்று பள்ளியைப் பாதியில் விட்டவள். "எனக்கெல்லாம் மண்டையில ஏறாதுப்பா" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை அவளே நம்பிவிட்டாள். படிக்கும் ஆசை மட்டும் விட்டுத் தொலைக்கவில்லை.

புருஷன் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். முதுகு போய்க்கொண்டிருந்தது. கணக்கியல் பாஸ் பண்ணினால் ஆபீசில் நாற்காலி தருகிறேன் என்று முதலாளி சொன்னதால் மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் தடவை மண்ணைக் கவ்வினார். பின்னே? குண்டுப் புத்தகம் ஒன்றை நாலு பேர் கூட்டாக வாங்கி, முறை வைத்துப் படித்தார்கள். இவர் முறை வந்தபோது பரீட்சையும் கூடவே வந்துவிட்டது. இன்னொரு தடவை தோற்றால் படிப்பும் போச்சு, நாற்காலியும் போச்சு.

மறு வருஷம் வாத்தியாரம்மா அந்தக் குண்டுப் புத்தகத்தையே தூக்கிப் போட்டார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல் ஒன்றைக் காட்டி, "எல்லாரும் இன்னைக்கே போன்ல இறக்கிக்குங்க" என்றார். புத்தகம் கைக்கு வந்துவிட்டது, சரி. இவருக்கு நேரம் வர வேண்டாமா? வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்தில் குறட்டை.

"நான் படிச்சுப் பதிவு பண்ணித் தரேன். வண்டி ஓட்டும்போது கேளுங்க" என்றாள் ரேடியோ.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, காய் நறுக்கிக்கொண்டே வாசித்தாள். ரேடியோவுக்கு எதையும் விடத் தெரியாது. அட்டையில் தொடங்கிப் பக்க எண் வரை வாசித்தாள். "மூன்றாம் அட்டவணையைப் பார்க்கவும்" என்று வாசித்துவிட்டு, "நீங்க ரோட்டைப் பாருங்க" என்றும் சேர்த்தாள். யாரும் சீந்தாத அனுமதிப் பக்கத்தைக்கூட விடவில்லை. இந்த நூலை யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்றிருந்தது அதில்.

தேய்மானம் என்ற பாடத்தில் கப்பல் கம்பெனி உதாரணம் வந்தது. கப்பலை யார் கண்டது? திருப்பித் திருப்பி வாசித்தும் அவளுக்கே விளங்கவில்லை. ஒருவழியாக விளங்கியதும், "மாத்தலாம்னுதான் போட்டிருக்கே!" என்று கப்பலைத் தள்ளிவிட்டு ரொட்டி வேனைக் கொண்டுவந்தாள்.

"வாங்கின அன்னைக்கு இருந்த மதிப்பு வருஷா வருஷம் குறையுதில்ல? அந்தக் குறைச்சலையும் செலவாத்தான் எழுதணும். உங்க முதுகுன்னு வெச்சுக்கோங்களேன், கொஞ்சம் கொஞ்சமாத் தேயுது. ஐயய்யோ, அடுப்பை அணைக்கலையே!"

வகுப்புக்காரர்கள் அந்தப் பதிவுகளைத் தங்களுக்கும் தரச் சொல்லிக் கேட்டார்கள். "அடுத்தவங்க புத்தகமாச்சே, திருட்டுத்தனம் ஆயிடாதா?" என்று இவர் இழுத்தார்.

"கொடுக்கலாம்னு முதல்லயே தொண்டை கிழியப் படிச்சேனே, காதுல என்ன பஞ்சா?" என்றாள்.

பதிவுகள் கை மாறின. அடுப்பு வரும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். வாத்தியாரம்மா அதைக்கூட வெட்டாமல் கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

புருஷன் பாஸ். அந்த வருஷம் வகுப்பில் தோற்றவர்களே குறைவு. முதல் நாளிலிருந்து எல்லோர் கையிலும் புத்தகம் இருந்ததால்தான் என்றார் வாத்தியாரம்மா. இவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

"இந்தா, நீ சேரு. பள்ளிக்கூடம் முடிக்காதவங்களையும் எடுத்துக்கறாங்களாம்."

"எனக்கா? மண்டையில ஏறாதுங்க."

"தேய்மானம்னா என்ன?"

அவள் கடகடவென்று ஒப்பித்தாள், வேனும் முதுகும் உட்பட.

"இது மண்டையில இல்லாம வேற எங்கேருந்து வருதாம்?"

அவள் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முதல் நாள் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கினாள். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ரேடியோ வாயே திறக்கவில்லை.

பக்கத்துப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயமா இருக்காக்கா? எனக்கும்தான் இருந்துச்சு. ஒரு அக்கா மொத்தப் புத்தகத்தையும் படிச்சு வெச்சிருக்காங்க. கேளுங்க, தைரியம் வந்துடும்" என்று இயர்போனில் ஒன்றை அவள் காதில் வைத்தாள்.

"என்னங்க, கேட்குதா? புரியலைன்னா பரவாயில்லை, மறுபடி முதல்லேருந்து படிக்கிறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல்லேருந்தே படிக்கட்டும்மா" என்று அவள் வாய் திறந்ததுதான் தாமதம், அந்தப் பெண் வெடுக்கென்று திரும்பினாள்.

"ஐயோ அக்கா! அடுப்பை அணைச்சீங்களா?"