பஞ்சு பட்டினி கிடந்த மாதம்

பஞ்சு என்ற பெயரை நான் முதலில் கேட்டது பிரசவ வார்டு வாசலில். என் நாத்தனாருக்கு மூன்றாவது பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தான். இரண்டு கிலோகூடத் தேறவில்லை. கையில் வாங்கிப் பார்த்த என் வீட்டுக்காரர், "பஞ்சு மாதிரி இருக்கான்டி" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. பிறகு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வளர்ந்தான். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

உயரமான கட்டிடங்களின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பது அவன் வேலை. மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் ஓர் இரும்பு மேடை தொங்கும். அதில் ஒரு முனையில் இவன், மறுமுனையில் இவன் சிநேகிதன் குச்சி. குச்சிக்குப் பெயருக்கேற்ற உடம்பு. பதினொரு வருஷமாக ஒரே ஜோடி.

மாதம் ஒருமுறை மேஸ்திரி ஒவ்வொரு ஜோடியையும் கிடங்குத் தராசில் சேர்த்து ஏற்றி எடை பார்ப்பார். இரண்டு பேரும் சேர்ந்து நூற்றறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. மேடை அவ்வளவுதான் தாங்கும். ஒருமுறை முள் நூற்றைம்பத்தொன்பதில் வந்து நின்றது.

"அடுத்த மாசம் தாண்டிச்சு, ஜோடியைப் பிரிச்சிடுவேன். பஞ்சு கீழ நின்னு சுவரு சுரண்டட்டும்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

பஞ்சுவுக்கு உயிரே அந்த உயரத்தில்தான். தரையில் நின்று வேலை செய்தால் மூச்சு முட்டுகிறது என்பான். அன்றிலிருந்து யாருக்கும் சொல்லாமல் சாப்பாட்டை விட ஆரம்பித்தான். காலையில் "பசிக்கல" என்று வெறும் டீயோடு கிளம்புவான். மனைவி மதியத்துக்குக் கட்டித்தரும் டப்பாவைத் திறக்கவே மாட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால்தான் கூத்து. செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு ரொட்டி போயிருக்கும். அப்புறம் முட்டை, பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சம், கடைசியாக நின்றுகொண்டே பிஸ்கட். அப்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். உழைத்துக் களைத்து வந்த பிள்ளையாயிற்றே என்று என் பங்குக்கு நானும் இரண்டு ரொட்டி போட்டேன்.

அவன் மனைவிக்கோ பெருமை தாங்கவில்லை. "பாருங்க அத்தை, டப்பால துளி மிச்சமில்ல" என்று தினமும் கழுவும்போது காட்டுவாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. முள் நூற்றறுபத்திரண்டுக்குப் போனது. சந்தேகப்பட்டு மேஸ்திரி தனித்தனியாக ஏற்றினார். பஞ்சு தொண்ணூற்றேழிலிருந்து ஒரே ஒரு கிலோ இறங்கியிருந்தான். குச்சி அறுபத்திரண்டிலிருந்து அறுபத்தாறுக்கு ஏறியிருந்தான்!

இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

"நீ அப்படி என்னத்தடா தின்னே?" என்று குச்சியைக் கேட்டேன்.

"அண்ணன் டப்பாவைத்தான் அத்தை. அவரு வேணாம்னாரு. வீணாப் போகுமேன்னு, என்னுதை முடிச்சிட்டு அதையும் சாப்பிட்டேன்."

பஞ்சுவின் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு மாசமா விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு இந்தத் தம்பிக்கா ஆக்கிப் போட்டேன்?"

"ருசியா இருந்துச்சு அண்ணி. முட்டையிலதான் ஒரு நாள் உப்பு கம்மி."

"பேசாதீங்க!" என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "தராசு ரெண்டு பேருக்கும் சேர்த்துன்னு தெரியாதா உங்களுக்கு? இந்தப் பக்கம் குறைக்கறேன்னு அந்தப் பக்கம் ஏத்தி விட்டிருக்கீங்களே!"

அப்போதுதான் அவன் மெல்ல இன்னொன்றையும் சொன்னான். ஆறாவது மாடியில் இரண்டு தடவை கண் இருட்டிவிட்டதாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். அதைக் கேட்ட மனைவி மறுநாளே ஆஸ்பத்திரி நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரு வேளையை விடறது சிலருக்கு ஒத்துவரும். நீங்க விட்டதை எல்லாம் சாயங்காலமே பிடிச்சிட்டீங்க, அப்புறம் எப்படி இறங்கும்?" என்றாளாம் நர்ஸ். "அதுவும் கயித்துல தொங்கற ஆளு, காலி வயித்தோட ஏறலாமா?"

மேஸ்திரி ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதுவரை இரண்டு பேருக்கும் தரையில் சுரண்டல் வேலை. பஞ்சு காலையிலும் மதியமும் வயிற்றுக்குச் சாப்பிட்டான். காய், பயறு, இரண்டு ரொட்டி. சாயங்காலம் பிஸ்கட் டப்பாவை நான் என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். முதல் வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குச்சி தன் டப்பாவோடு நிறுத்திக்கொண்டான். மாதக் கடைசியில் முள் நூற்றைம்பத்தெட்டில் நின்றது. மேஸ்திரி மேடைப் பக்கம் கையைக் காட்டினார்.

இப்போது பஞ்சுவுக்கு நாற்பத்தாறு வயது, எடை தொண்ணூற்றொன்று. கடைத்தெருவுக்குப் பின்னால் எழும்பும் ஒன்பது மாடிக் கட்டிடத்தில், ஏழாவது மாடிச் சுவருக்குக் குச்சியோடு சேர்ந்து வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறான்.